ஆற்று நோன்பு

கீழ்ப்பாலத்து மணி ஊமையாகிப் பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. மருதந்துறைப் பிள்ளைகளுள் பலர் அதன் ஒலியைக் கேட்டதே இல்லை. நடுத்தூணின் கூண்டுக்குள் தொங்கிய அந்த வெண்கல மணியை யாரோ கோயிலுக்கு நேர்ந்து, கொண்டுபோக மறந்துவிட்டதாகவே அவர்கள் நினைத்திருந்தார்கள்.

உண்மையில் அந்த மணியின் கயிறு ஆற்றுக்குள் இருந்தது. தண்ணீரில் மருந்தோ, ஷாம்பு நுரையோ, முகத்தில் பூசிக் கழுவிய களிம்போ கலந்து வந்தால், பாலத்தடியில் பதித்திருந்த கருவி அதை அறிந்து மணியை இழுக்கும். வைத்த புதிதில் மணி ஓயவே இல்லை. ஊர் பல் துலக்கும்போது அடித்தது. ஊர் குளிக்கும்போது அடித்தது. மருந்துக்கடைக்காரர் ஒருவர் காலாவதியான பாட்டில்களைச் சாக்கடையில் கவிழ்த்த அன்று பொழுது சாயும்வரை அடித்தது. பொறுமை இழந்த யாரோ ஒருவர் பாலத்தில் ஏறி மணிக்குச் சாக்குச் சுற்றிவிட்டு வந்தார். ஊரின் பொருநை ஆற்றில் அப்போது ஆண் கெண்டைகளின் வயிற்றில் சினை இருந்தது. நீர்நாய்கள் ஊரைக் காலிசெய்துவிட்டுப் போயிருந்தன.

அந்த நிலையில்தான் செண்பகவல்லி தின்னியை உருவாக்கினாள். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர். அவள் அதற்கு இட்ட அறிவியல் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. தின்னி என்பது ஊர் வைத்த பெயர். மருந்தையும் ஒப்பனைப் பொருளையும் மட்டுமே உணவாகக் கொள்ளும்படி அவள் அதை வடித்திருந்தாள். படித்துறைக்கும் கீழ்ப்பாலத்துக்கும் இடையே ஆறு வளைந்தோடும் மணற்பரப்பில் அதை விட்டார்கள். படித்துறையில் கலந்த மருந்து பாலத்தைச் சேர்வதற்குள் தின்னி அதைத் தின்று தீர்த்தது. சாக்கை அவிழ்த்துவிட்ட பிறகும், ஒரே மழைக்காலத்தில் மணி அடங்கியது. பிறகு ஒருநாள் நீர்நாய்கள் குட்டிகளோடு திரும்பி வந்து, சுற்றுலாப் பயணிகளைப்போலப் பாறைமேல் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்த்தன.

நீர் ஆய்வு நிலையத்தின் தலைவியான செண்பகவல்லியை அன்றிலிருந்து எல்லாரும் ‘ஆத்து டாக்டர்’ என்றார்கள். சிரிக்காத முகமும், சொன்னதைச் சொன்ன நேரத்தில் முடிக்கும் வழக்கமும் உடையவள். அந்தப் பட்டத்தை மட்டும் அவள் மறுக்கவில்லை.

ஊரும் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. ஆனால், தவறான பாடம். ஆறு எதையும் தின்றுவிடும் என்றால், எதையும் ஆற்றில் போடலாம் அல்லவா? முன்பு மறைவாகக் கவிழ்த்தவர்கள் இப்போது வெளிச்சத்தில் கவிழ்த்தார்கள். தின்னி கொழுத்தது.

*

ராஜாமணி செண்பகவல்லியின் அண்ணன் மனைவி, நகராட்சிக் கவுன்சிலர். தின்னியை ஆற்றில் விட அனுமதி கேட்ட கூட்டத்தில் முதலில் கை தூக்கியவள். சில ஆண்டுகளுக்கு முன் அவளுக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள். புதிதாக வந்த உறுப்பை உடல் அயலாரென்று எண்ணி விரட்டிவிடாதிருக்கக் காலையும் மாலையும் மாத்திரை விழுங்க வேண்டும். அந்த மாத்திரைதான் அவள் உயிர். இப்போது உடல் சோர்ந்து ஊர் மருத்துவமனையில் படுத்திருந்தாள்.

“மாத்திரையை ஒழுங்காப் போடுறீங்களா?” என்று டாக்டர் மைதீன் கேட்டார். இரத்தத்தில் மருந்தின் சுவடே இல்லை.

“டாக்டர், நான் மூணு எலெக்சன்ல நின்னவ. பொய் சொல்லணும்னா இதவிட நல்லாச் சொல்லுவேன். முழுங்கிட்டுத்தான் இருக்கேன்.”

“அப்ப மருந்து எங்கதான் போகுது?”

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள். அதே கேள்வியைப் பதினோர் ஆண்டுகளுக்கு முன் அவளும் கேட்டிருந்தாள். ஆற்றங்கரையில், மணி அடங்கிய முதல் நாளில், மகிழ்ச்சியோடு.

நிலையத்தில் அவளுடைய உதவியாளர் அருள்ராஜ் சோதனைகளைச் செய்தார். ராஜாமணியின் குடலில் தின்னி இருந்தது. ஐயத்தைப் போக்கிக்கொள்வதற்காக அருள்ராஜ் தம்முடைய மாதிரியையும் சோதித்தார், அதிலும் இருந்தது. செண்பகவல்லியினுடையதிலும் இருந்தது.

அவள் மருத்துவமனைக்குத் திரும்பி, சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

“மைனி, தின்னிதான். ஆத்துத் தண்ணியில இருந்து வயித்துக்குள்ள வந்து குடியிருக்கு. நீங்க முழுங்குத மாத்திரை ரத்தத்துக்குப் போகுமுன்ன அது தின்னுருது.”

“ஆத்துக்கும் வயித்துக்கும் வித்தியாசம் தெரியாதாட்டி அதுக்கு?”

“நான் சொல்லிக்குடுக்கல.”

ராஜாமணி தலையணையில் சாய்ந்துகொண்டாள். “எனக்கு மட்டுமா?”

“ஊருக்கே. போன மாசம் காய்ச்சல் மருந்து யாருக்கும் கேக்கலன்னு சொன்னாங்கல்லா? வடக்குத் தெருவுல ஒரு பிள்ளைக்கு நின்னுபோன வலிப்பு திரும்ப வந்ததே? எல்லாம் இதுதான்.”

“அப்ப அதக் கொன்னுர வேண்டியதுதான?”

“எந்த மருந்தக் குடுத்துக் கொல்ல? மருந்துதான் அதுக்குச் சோறு. கொதிக்க வச்சா விதை மாதிரிச் சுருண்டு கெடக்கும். மருந்து வாடை பட்டுச்சோ, முளைச்சிரும்.” செண்பகவல்லி கட்டிலருகே வந்தாள். “ஒரே வழிதான். பட்டினி. ஒரு மாசம் ஆத்துக்கும் மருந்து போகக்கூடாது, வயித்துக்கும் மருந்து போகக்கூடாது. துளிகூட. அப்பதான் விதையும் சேர்ந்து சாகும். அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கேன்.”

டாக்டர் மைதீன் குறுக்கிட்டார். “அதுக்கெல்லாம் நாம காத்திருக்க வேண்டாம். சென்னையில பேசிட்டேன். இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவாங்க.”

ராஜாமணி அவரைப் பார்க்கவில்லை; நாத்தனாரைப் பார்த்தாள். “ஏட்டி, நான் போனா இது என்கூட வண்டியேறி வருமா வராதா?”

“வரும், மைனி.”

“அந்த ஆஸ்பத்திரியில என்ன மாதிரி எத்தன பேரு கெடப்பாங்க, டாக்டர்?”

டாக்டர் சென்னைக்கு எழுதியிருந்த கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“அப்ப நான் எங்கயும் போகல. இதுக்குக் கை தூக்குனவ நானு. டிரிப்ஸ் போடுங்க.”

மருந்தை நரம்பு வழியே ஏற்றினால் அது குடலைத் தொடாது, தின்னிக்கும் கிட்டாது. ஆனால், அவ்வாறு நெடுநாள் ஏற்றினால் எந்தச் சிறுநீரகத்தைக் காக்க ஏற்றுகிறோமோ, அதையே அந்த மருந்து அரித்துவிடும் என்றார் மைதீன். ஒரு மாதம் தாங்கும்; அதற்குமேல் தம்மால் உறுதி கூற முடியாது என்றார்.

“ஒரு மாசம் போதுமே. ஊரு ஒரு மாசம் ஒழுங்கா இருந்தாச் சரி” என்று ராஜாமணி சொன்னாள். மறுகணமே தலையணைக்கடியிலிருந்து தொலைபேசியை எடுத்துவிட்டாள்.

*

நகராட்சி அலுவலர்கள் ‘நீர்ப் பாதுகாப்பு அவசரக் கட்டுப்பாடு’ என்று தலைப்பிட்டு ஓர் அறிவிப்பை எழுதிக்கொண்டு வந்தார்கள். ராஜாமணி அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“கட்டுப்பாடுன்னு போட்டா ஜனங்க கோர்ட்டுக்குப் போவாங்க. நோன்புன்னு போடுங்க. பச்சத்தண்ணிகூடக் குடிக்காம இருப்பாங்க.”

அவ்வாறே அது ஆற்று நோன்பு ஆயிற்று. வீட்டிலுள்ள மாத்திரை, தைலம், களிம்பு, ஷாம்பு, தலைச்சாயம், வாசனைத்தூள், பற்பசை அனைத்தையும் படித்துறை மண்டபத்தில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவை பீப்பாய்களில் அடைபட்டுச் சிமெண்டு ஆலையின் சூளைக்குப் போய் எரியும். மருந்தின்றி வாழ இயலாதவர்களுக்கு வீடு தேடிச் சென்று ஊசி போடுவார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களின் சிறுநீரிலும் மருந்து இருக்கும். ஆகவே அதைக் கழிப்பறையில் விடாமல், மூடியிட்ட கேனில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் தலைவலியைத் தலையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைக் கேட்டபோது செண்பகவல்லி உள்ளுக்குள் நம்பிக்கை இழந்தாள். குப்பையைத் தொட்டியில் போடென்றாலே பக்கத்தில் போடும் ஊர் இது.

மண்டபத்து மேசையில் ஆவுடையப்பன் உட்கார்ந்தார். உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லும் துணிவு அவரிடம் படித்த எவருக்கும் ஐம்பது வயதிலும் வந்ததில்லை. பொருளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ஒவ்வொருவரிடமும் அவர் ஒரே கேள்வியைக் கேட்பார்: “இன்னும் ஏதாவது இருக்கா?” பாதிப்பேர் நின்று, யோசித்து, வீட்டுக்குப் போய் இன்னொரு பையோடு வந்தார்கள்.

அழகுநிலையம் நடத்தும் ஜெபராணி தன் கடைச் சரக்கு முழுவதையும் ஒரு தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினாள்.

“ஜெபராணி, அந்தக் கைப்பையில என்ன?”

“லிப்ஸ்டிக்கு, சார். இதுகூடயா?”

“பாதிய நீ தின்னுட்டுத்தான வீட்டுக்குப் போற. போடு உள்ள.”

“சார், என் சொந்த மூஞ்சிய நானே பாத்து இருவது வருசமாச்சு. ஊரு பயந்துராதா?”

“ஊரு முப்பது வருசமா என் மூஞ்சியப் பாத்துட்டு இருக்கு. ஒண்ணும் ஆகல. போடு.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெபராணியும் சிரித்துக்கொண்டே போட்டாள். அது அவளுடைய பிழைப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் சிரிப்பு சீக்கிரம் அடங்கியது.

அந்த மாதத்தில் நடந்த ஒரு திருமணத்தில் மணப்பெண் வெறும் மஞ்சளோடு மணையில் அமர்ந்தாள். மாப்பிள்ளைக்குச் சாயமில்லாமல் காதோரம் நரை வெளுத்திருந்தது. பெண்வீட்டார் முணுமுணுத்தபோது, “இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு, அடுத்த மாசம் தெரிஞ்சா நான்லா அழணும்” என்று பெண்ணே சொல்லித் தாலிக்குக் கழுத்தை நீட்டினாள். வங்கி மேலாளர் வெள்ளைச் சட்டையோடு, தம் மாமியாரின் கேனை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து நாள்தோறும் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். முதல் நாள் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். பிறகு அடுத்த வீட்டுக் கிழவரின் கேனையும் சேர்த்தே கொண்டுவந்தார்.

செண்பகவல்லி நாள்தோறும் காலையில் மண்டபத்தூணில் சாய்ந்து நின்று இதைப் பார்ப்பாள். ஒரு பெண் பல்வலியால் வீங்கிய கன்னத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, தன்னிடமிருந்த கடைசி வலிமாத்திரையைப் பீப்பாயில் போட்டுவிட்டுப் போனாள். யாரும் அவளைப் புகழவில்லை. தின்னியை வடிக்க செண்பகவல்லி ஒன்பது ஆண்டுகள் உழைத்திருந்தாள். இந்த ஊரை இப்படி வடித்தது யார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

*

மாதம் முடிய வந்தபோது பெருஞ்சிக்கல் ஒன்று எழுந்தது. தின்னி செத்துவிட்டதா என்பதை எப்படி அறிவது?

“மேடம், தண்ணி மாதிரி எடுத்துப் பாத்தாச்சு. எல்லாம் சுத்தம்” என்றார் அருள்ராஜ்.

“தண்ணி சுத்தம், சரி. மணலுக்கு அடியில கெடக்குத விதையை எந்தக் குடத்துல மோந்து பாப்பீங்க? வளைவு முழுக்கக் கெடக்கே மணலு.”

“அப்ப மருந்து கொஞ்சம் ஆத்துலயே போட்டுப் பாத்தா? உயிரோட இருந்தாத் திங்கும். பாலத்துக்கு வராது. செத்திருந்தா அப்படியே பாலத்துக்கு வந்துரும்.”

“உயிரோட இருந்தா?”

அருள்ராஜ் கையிலிருந்த மாதிரிக் குடுவையைக் கீழே வைத்தார்.

“இருந்தா நீங்க போடுத மருந்துதான் அதுக்கு முத வாய்ச் சோறு. ஊரு ஒரு மாசம் கெடந்த பட்டினி அத்தனையும் வீணாப் போயிரும். இன்னொரு மாசம் மைனிக்குக் கிடையாது.”

சோதனை செய்தால் நோன்பு கெடலாம். சோதனை செய்யாவிட்டால் நோன்பு முடிந்ததா என்பது தெரியாது. மைதீன் பொறுமையிழந்திருந்தார். ராஜாமணியின் கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. டிரிப்ஸை நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்தினால் மாத்திரை கொடுக்க வேண்டும். ஆற்றில் தின்னி உயிரோடிருந்தால், குடிக்கும் தண்ணீரில் அது அவள் வயிற்றுக்குத் திரும்பும், மாத்திரை பயனற்றுப் போகும், சிறுநீரகமும் போகும்.

“வர்ற திங்கக்கிழமை நீங்க எனக்கு ஒரு பதில் சொல்லணும், மேடம்” என்றார் அவர். “ஆமான்னு சொல்லுங்க, இல்லன்னு சொல்லுங்க. தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க.”

அதே வாரத்தில் ஆவுடையப்பனின் மனைவி பகவதி இறந்துபோனாள். நெடுநாள் இதயநோயாளி. மண்டபத்து நாற்காலி காலியாயிற்று. ஜெபராணி சாயமற்ற முகத்தோடு அதில் போய் உட்கார்ந்து, “இன்னும் ஏதாவது இருக்கா?” என்று அவரைப்போலவே கேட்டாள்.

*

திங்கட்கிழமை காலை, செண்பகவல்லி மருத்துவமனையில் ராஜாமணிக்குக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். டாக்டருக்குச் சொல்ல அவளிடம் இன்னும் பதில் இல்லை.

“உன் மூஞ்சியப் பாத்தா நான் போய்ச் சேர்ந்துட்ட மாதிரி இருக்கு” என்றாள் ராஜாமணி. “கஞ்சியக் குடு. உப்புப் போட்டியா?”

“உங்களுக்கு உப்பு ஆகாது.”

“அப்ப நீ குடி.”

அந்நேரத்தில் அந்த ஒலி கேட்டது. வெண்கலத்தின் ஓசை, ஒன்றன்பின் ஒன்றாக, ஆற்றின் திசையிலிருந்து வந்தது. வார்டில் கிடந்தவர்கள் கோயில் மணியென்று எண்ணித் திரும்பிப் படுத்தார்கள். ராஜாமணி மட்டும் முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

“ஏட்டி, செம்பகம். அது பாலத்து மணியில்லா?”

கஞ்சிக் கிண்ணத்தை எங்கே வைத்தாளென்பது செண்பகவல்லிக்கு நினைவில்லை. படியிறங்கி, தெருவைக் கடந்து, படித்துறைக்கு ஓடினாள். வாழ்நாளில் தெருவில் ஓடியறியாதவள். வாசல்களில் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். அந்த ஒலியை அறிந்தவர்களின் முகம் வெளுத்திருந்தது. ‘யாரு? யாரு போட்டா?’ என்ற கேள்வி அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

படித்துறையின் கடைசிப் படியில் ஈர வேட்டியோடு ஆவுடையப்பன் நின்றிருந்தார். கரைத்து முடித்த அஸ்திக் கலயம் கையில் கவிழ்ந்திருந்தது. சற்றுத் தள்ளி உறவினர்கள் துணி மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் சாம்பலோடு இறந்தவர் புழங்கிய பொருள்களையும் ஆற்றில் விடுவது வழக்கம். மூக்குக்கண்ணாடி போகும், செருப்பு போகும், கட்டிய சேலை போகும். நோன்பு மாதத்தில் சாம்பலும் எள்ளும் தவிர வேறெதையும் விடக்கூடாது என்று விதி செய்து, அதை மண்டபத்தூணில் தம் கையாலேயே ஒட்டியவர் ஆவுடையப்பன்.

“என்ன போட்டீங்க, சார்?”

அவர் மறைக்க முயலவில்லை. “அவ மாத்திரை டப்பா. மூடியத் தொறந்து விட்டேன்.”

மணி அடித்துக்கொண்டிருந்தது. செண்பகவல்லி தன் குரலை அடக்கிக்கொள்ள அரும்பாடு பட்டாள்.

“ஊருக்கெல்லாம் நீங்கதான சார் அந்த நாற்காலியில உக்காந்து கேட்டீங்க?”

“ஊரு முழுக்கக் கேட்டு வாங்கினேன். என் வீட்டுல கேட்டேன், அவ குடுக்கல. இத மட்டும் கேக்காதீங்கன்னுட்டா. நானும் விட்டுட்டேன்.” அவர் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார். “அவளுக்கு அந்த டப்பா இல்லாம ஓடாதும்மா. தென்காசிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறோம், பாதி வழியில பஸ்ஸ நிறுத்தி எறங்கித் திரும்பி வந்தோம், டப்பாவ வச்சிட்டு வந்துட்டான்னு. இப்ப இம்புட்டுத் தூரம் போறா. வெறுங்கையோட எப்படி அனுப்ப?”

அவள் ஒரு படி இறங்கி அவர் பக்கத்தில் நின்றாள்.

“இன்னொண்ணு கேக்கேன், சொல்லு. இந்த மாசம் பூரா அவளுக்கு ஊசிதான். மைதீன் அதுவும் அதே மருந்துதான்னு சொன்னாரு. அவ நம்பல. நான்தான் போட்டுக்கோ போட்டுக்கோன்னு... மாத்திரையே சாப்பிட்டிருந்தா இருந்திருப்பாளா?”

இந்த ஊர் அவளிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவள் விடை வைத்திருந்தவள். அன்று முதன்முறையாக, “எனக்குத் தெரியாது, சார்” என்றாள்.

அவர் தலையசைத்தார். அந்தச் சொல்லைத்தான் எதிர்பார்த்தவர்போலக் கலயத்தைப் படியில் வைத்துவிட்டு, “ராஜாமணிகிட்ட நானே வந்து சொல்லுதேன்” என்றார்.

செண்பகவல்லியின் தொலைபேசி அதிர்ந்தது. அருள்ராஜ்.

“மேடம், கருவியில என்னமோ கோளாறு. படித்துறைக் கருவியில காட்டுத மருந்து பாலத்துலயும் அப்படியே காட்டுது. தண்ணி கலந்து குறைஞ்சதுதான் குறைவு. இந்த மிஷின் ஒருநாளும் இப்படிக் காட்டுனதில்ல.”

“ஒருநாளும் காட்டுனதில்லையா?”

“நான் வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து இல்ல, மேடம். மேல எவ்வளவு இருந்தாலும் பாலத்துல சைபர்தான். அதான் மணியே அடிச்சதில்லையே.”

 தொலைபேசியின் இரண்டு பக்கமும் மணியொலி கேட்டது.

பதினோர் ஆண்டுகள் அந்த மணி அடிக்காததற்குக் காரணம் தின்னி. பாலத்தைச் சேருமுன் மருந்தையெல்லாம் அது தின்றது. நோன்பு மாதத்தில் அடிக்காததற்குக் காரணம் ஊர். இன்று அடிக்கிறது. பகவதியின் மாத்திரைகள் வளைவைக் கடந்து, மணற்பரப்பைக் கடந்து, எவரும் தொடாமல் பாலத்தடிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

செண்பகவல்லி ஈரப்படியில் அப்படியே உட்கார்ந்தாள்.

“என்னம்மா?” என்று ஆவுடையப்பன் பதறிக் குனிந்தார்.

“மணி அடிக்குது, சார்” என்றாள் அவள். “அடிக்க விடாமத் திங்குததுக்கு ஆத்துல யாரும் இல்ல. நாங்க செய்யப் பயந்த சோதனைய உங்க வீட்டம்மா செஞ்சிட்டுப் போயிட்டாங்க.”

அவர் உடனே புரிந்துகொள்ளவில்லை. அவள் இன்னொரு முறை, எளிய சொற்களில் சொன்னாள். அதன்பின் அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மணி மெல்ல மெல்ல இடைவெளி விட்டு, ஓய்ந்தது.

*

அன்றும் மறுநாளும் அவளும் அருள்ராஜும் கருவிகளை விட்டு அகலவில்லை. வளைவின் மணலைப் பல இடங்களில் தோண்டிப் பார்த்தார்கள். மருந்து வாடை பட்டும் எதுவும் முளைக்கவில்லை. அதன்பிறகே அவள் டாக்டரிடம், “ஆமா, குடுக்கலாம்” என்றாள்.

ராஜாமணி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துச் சற்றுநேரம் பார்த்துவிட்டு விழுங்கினாள். சில நாள்களில் அவள் இரத்தத்தில் மருந்து தென்பட்டது. மைதீன் அந்த முடிவைப் படித்துவிட்டு, சன்னலருகே போய் நின்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, “உப்பு மட்டும் கூடாது” என்றார்.

“நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?” என்றாள் ராஜாமணி.

அவர் போனதும் அவள் குரலைத் தாழ்த்தினாள். “வாத்தியார் வந்துட்டுப் போனாரு. தன் பேரச் சொல்லித் தண்டனை குடுக்கணுமாம். கவுன்சில்லயும் யாரு போட்டான்னு குடையுதாங்க.”

“என்ன சொல்லப் போறீங்க?”

“டாக்டரம்மா சோதனை நடத்துனான்னு சொல்லப் போறேன். பொய்யா?”

செண்பகவல்லி யோசித்தாள். “நான் நடத்தல. நடந்தது சோதனைதான்.”

“அது போதும். அந்தாளு திரும்ப அந்த நாற்காலியில உக்காரணும். ஜெபராணி நல்லாத்தான் கேக்கா, ஆனா அவகிட்ட எவனும் பயப்பட மாட்டேங்கான்.”

*

நோன்பு முடிந்ததென்று நகராட்சி அறிவித்தது. அதே நாளில் தலைநகரிலிருந்து செண்பகவல்லிக்கு அழைப்பு வந்தது. சாகாதபடி உறையவைத்த தின்னியின் விதைகள் ஒரு குப்பியில் அவளிடம் இருப்பது மேலிடத்துக்குத் தெரியும். மனிதக் குடலில் தங்காதபடி அதைத் திருத்தி, மறுபடியும் ஆற்றில் விடலாமே என்றார்கள். வேறு ஆறுகளுக்கும் கொடுக்கலாமே என்றார்கள். பணம் தடையில்லை. அவள் கேட்டுக்கொண்டாள், யோசித்துச் சொல்வதாகக் கூறினாள்.

திருத்த முடியும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். நீர்நாய்கள் இன்னும் பாறையில் இருந்தன. இனி ஆற்றில் யாராவது ஒன்றைக் கவிழ்த்தால் அதைத் தின்ன எதுவும் இல்லை; மணி மட்டும் அடிக்கும். ஒரு மாதம் இருந்ததைப்போல ஊர் ஆண்டு முழுவதும் இருக்குமா? அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எந்தக் கணக்கும் இருக்கும் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை, வெறிச்சோடிக் கிடக்கும் என்ற எண்ணத்தோடு அவள் படித்துறை மண்டபத்தின் பக்கம் போனாள்.

வரிசை இருந்தது. வங்கி மேலாளர் இரண்டு கேன்களோடு நின்றார். ஜெபராணி மீண்டும் கடை திறந்திருந்தாள். முகம் கழுவிய தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்தாள். உதட்டில் பளிச்சென்ற சிவப்பு.

“நோன்பு முடிஞ்சிட்டுன்னு சொன்னாங்களே?” என்று செண்பகவல்லி கேட்டாள்.

“அது ஆத்துக்கு, அக்கா” என்றாள் ஜெபராணி. “மணி அடிச்சா எம்மூஞ்சியத்தான எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க.”

நாற்காலியில் ஆவுடையப்பன் இருந்தார். இளைத்திருந்தார். முகம் மட்டும் பழைய முகமாகவே இருந்தது.

செண்பகவல்லி வந்த வழியே திரும்பி நடந்தாள். சற்றுநேரத்தில் மறுபடியும் வந்து, வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் நின்றவர்கள் வழிவிட்டபோது வேண்டாமென்று தலையசைத்தாள். தன் முறை வந்ததும் கைப்பையிலிருந்து ஒரு சிறு கண்ணாடிக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஆவுடையப்பன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே பார்வைக்குத் தென்படும்படி எதுவும் இல்லை.

“என்னதும்மா இது?”

“வீட்டுல மிச்சம் கெடந்தது, சார்.”

அவர் குப்பியிலிருந்து கண்ணை எடுத்து அவள் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு எல்லாரிடமும் கேட்பதையே அவளிடமும் கேட்டார்.

“இன்னும் ஏதாவது இருக்கா?”

அவள் நின்று, யோசித்தாள்.

“இல்ல, சார். இவ்வளவுதான்.”

“போடு உள்ள.”

குப்பி பீப்பாய்க்குள், யாரோ ஒருவரின் இருமல் மருந்துக்கும் பாதி தீர்ந்த தைலத்துக்கும் நடுவே விழுந்தது. பின்னால் நின்றவர், நேரமாகிறது என்று நகர்ந்து வந்தார். கீழ்ப்பாலத்து மணி அன்று அடிக்கவில்லை.